காளியண்ணன் கம்ப்யூட்டருக்குப் பூக்கேட்டது

மலைமேல் சோளக்காடு என்ற எங்கள் ஊரில் கிளைத் தபால் ஆபீசுக்கும் காளியண்ணனின் மிளகு மண்டிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கம் நான் முத்திரை குத்துவேன். அந்தப் பக்கம் அவர் யோசித்துக்கொண்டிருப்பார். நான் குத்துகிற சத்தம் அவருக்குக் கேட்கும். அவர் யோசிக்கிற சத்தம் எனக்குக் கேட்காது. ஆனாலும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். வேறு என்ன செய்யப் போகிறார்?

ஒரு கார்டு வாங்க வருவார். ராசிபுரத்தில் கட்டிக்கொடுத்த மகள் சுகுணாவுக்கு எழுத வேண்டும். கார்டா, இன்லேண்டா என்று என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கார்டு என்றால் தபால்காரர் படித்துவிடுவார், இன்லேண்டு என்றால் எழுத அவ்வளவு விஷயம் இல்லை. பின்னால் மணியார்டர் வாங்க வந்தவர்கள் ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நிற்பார்கள். கடைசியில், "வாரேனுங்க தபாலம்மா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று போய்விடுவார். அவருடைய மண்டிக்கு முன்பக்கம் பச்சை வர்ணம், பக்கவாட்டில் வெறும் சிமெண்ட். நீலமும் நன்றாகத்தான் இருக்கும் என்று பாதி அடித்த பிறகு தோன்றியதால் அது அப்படியே நின்றுவிட்டது.

எடை சுத்தம், முடிவு சுணக்கம். காளியண்ணனைப் பற்றி யாராவது கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன். அவர் தராசில் ஒரு குறை யாரும் கண்டதில்லை. ஏமாற்ற வேண்டுமென்றால் முதலில் ஏமாற்றுவது என்று முடிவெடுக்க வேண்டுமே, அது அந்த மனுஷனால் ஆகாது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். எனக்கு இந்த மாதிரி ஆட்களைக் கண்டால் பொறுமை போய்விடும். நான் முத்திரையை எடுத்தால் குத்திவிட்டுத்தான் கீழே வைப்பேன். ஆனால் காளியண்ணனிடம் மட்டும் கோபம் நிலைக்காது. திட்டினால், "நீங்க சொல்றதும் சரிதானுங்க" என்பார். அதற்கு மேல் என்ன திட்டுவது?

முடிவே வராத விஷயங்களுக்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. பூக்கேட்பது. எங்கள் மலையில் அது எல்லோரும் செய்வதுதான். ஒரு இலைப் பொட்டணத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மாரியம்மன் முன்னால் இரண்டையும் வைத்துக் கற்பூரம் காட்டி, இந்தக் காரியத்துக்கு வெள்ளை, அந்தக் காரியத்துக்குச் சிவப்பு என்று வேண்டிக்கொண்டு, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த பூ அம்மன் வாக்கு. அதை மாற்றுவதற்கில்லை. மற்றவர்கள் கல்யாணம், கிணறு, நிலம் என்று பெரிய காரியங்களுக்குக் கேட்பார்கள். காளியண்ணன் ஆட்டுக்குட்டியை விற்பதா வளர்ப்பதா என்பதற்கும் கேட்பார். பூசாரிக்கு அவரால் நல்ல பிழைப்பு.

இப்படிப்பட்ட மனுஷன் கையில்தான் இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் ஒரு கம்ப்யூட்டர் வந்து மாட்டியது.

சங்கதி இதுதான். சந்தை நாளில் அடிவாரத்திலிருந்து ஒரு வியாபாரி லாரி கொண்டுவந்து பலா மரத்தடியில் நிறுத்துவார். விலையைச் சத்தமாகச் சொல்ல மாட்டார். மிளகு கொண்டுவந்தவரைத் தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டு போய் காதில் சொல்வார். "உனக்கு மட்டும் இந்த வெலை, வெளிய சொல்லிராதே." வாங்கிக்கொண்டு போனவரும் தனக்குத்தான் அதிகம் கிடைத்தது என்று வாயைத் திறக்க மாட்டார். ஒரே கொடியில் பறித்த மிளகுக்கு அண்ணனுக்கு ஒரு விலை, தம்பிக்கு ஒரு விலை. ரகசியம் காப்பாற்றியதில் நஷ்டப்பட்டவர்கள் எங்கள் மலைக்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

இதற்கு முதலில் வழி கண்டுபிடித்தவர் குண்டூர் நாட்டு அண்ணாமலை. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. தொண்டை கணீரென்று இருக்கும், பேச்சு சந்தையின் அந்தக் கோடி வரை போகும். கண் பரிசோதனைக்கு நாமக்கல் போன இடத்தில் ஒரு முட்டைக் கடை வாசலில் டிவிப் பெட்டியில் அன்றைய விலை ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்தார். வந்த கையோடு குண்டூர் நாட்டு ஆட்களையும் பெரக்கரை நாட்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு காளியண்ணன் மண்டிக்கு வந்தார்.

"ஏனுங், முட்டைக்கு இருக்குற மரியாதை நம்ம மொளகுக்கு இல்லீங்களா? எல்லாரு கண்ணுக்கும் தெரியற மாதிரி ஒரு பொட்டி வெய்யுங்க. வர்ற தையில மூணு சந்தை பாப்போம். பொட்டி வெலையை ஒழுங்காச் சொல்லுச்சுன்னா ரெண்டு நாட்டு மொளகும் உங்களுக்குத்தான். இல்லீன்னா நாங்க பழையபடி லாரிக்கே போயிக்கிறோம்."

ஒரு சிலேட்டுப் பலகை போதாதா என்று நான் ஜன்னல் வழியாகக் கேட்டேன். "சாக்பீசு அவுரு கையிலதானுங்களே இருக்கும்" என்றார் அண்ணாமலை. விலையை அடிக்கிற கீபோர்டும் அவர் கையில்தான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கூட்டத்தின் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

காளியண்ணனுக்கு இது வாழ்வா சாவா என்ற விஷயம். அதற்கு முந்தின வருடமே பாதி மூட்டை லாரிக்குப் போய்விட்டது. இந்தத் தையும் போனால் மண்டியைப் பூட்டிவிட்டு மரவள்ளி நடப் போக வேண்டியதுதான் என்று அவர் மனைவி பெருமாயியே என்னிடம் சொன்னார். பெருமாயி மரவள்ளி நடுவதற்குப் பயப்படுகிறவர் இல்லை. இந்த மனுஷனைக் கூட்டிக்கொண்டு நட வேண்டும், குச்சியைச் சாய்த்து நடுவதா நேராக நடுவதா என்று இவர் வரப்பில் உட்கார்ந்துவிடுவார் என்பதுதான் அவர் கவலை.

கம்ப்யூட்டரை மருமகன் ராசிபுரத்தில் பழையதாக ஒன்று பார்த்து அனுப்பிவிட்டார். கூடவே ஒரு டிவி. பஸ்ஸில் மூட்டைகளுக்கு நடுவே கொண்டை ஊசி வளைவுகளில் எல்லாம் குலுங்கி ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. டிவியை மண்டி வாசலுக்கு மேலே கம்பி போட்டு மாட்டியாயிற்று. அதுவரைக்கும் காளியண்ணன் எதையும் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. அதனால் வேலை வேகமாக நடந்தது.

அதற்குப் பிறகுதான் கேள்வி வந்தது. கம்ப்யூட்டர் என்பது சும்மா ஒரு பெட்டி, உள்ளே ஆட்டி வைக்க ஒன்றை ஏற்ற வேண்டும், அதற்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர் என்றார்கள். சரி, ஏற்றுங்கள் என்றால், அதில் இரண்டு வகை இருக்கிறது, எது வேண்டும் என்றார்கள். அவ்வளவுதான். காளியண்ணன் மிளகு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

விண்டோஸ் என்று சொன்னவர் ரமேஷ்குமார். எங்கள் மலைப் பிள்ளைதான். செம்மேட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். அந்தக் குளிரிலும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வருவார். "அண்ணா, ஊரு உலகத்துல எல்லாரும் வெச்சிருக்கறது இதுதானுங். கலரா இருக்கும். எழுத்து ஓடும். ரிப்பேருன்னா நான் பக்கத்துலயே இருக்கேன்." அவரிடம் ஒரு டிஸ்க் இருந்தது. மேலே மார்க்கர் பேனாவால் 98 என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

லினக்ஸ் என்று சொன்னவர் தரணிதரன். அடிவாரத்துப் புளியஞ்சோலைப் பக்கம் தோட்டக்காரக் குடும்பம். துறையூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் வாத்தியார். மிளகும் தேனும் வாங்குவதற்காக ஒற்றையடிப் பாதையில் மலையேறி வந்து பழக்கமானவர். மூச்சு வாங்கிக்கொண்டே பேசுவதால் அவர் சொல்வதெல்லாம் அவசரமான விஷயம் போலவே இருக்கும். "பாக்க அழகா இருக்காதுங்க. ஆனா கரண்டு போயிப் போயி வந்தாலும் அதுபாட்டுக்கு எந்திரிச்சுக்கும். இது யாருக்கும் சொந்தமில்லீங்க. உலகத்துல நூத்துக்கணக்கான பேரு சேந்து எழுதிச் சும்மா குடுத்துட்டாங்க."

"ஊர்ப் பொதுன்னு சொல்லுங்க" என்றார் அண்ணாமலை.

"ஆமாங்க, அப்படித்தான்."

"அப்போ கெட்டுப்போனா யாரும் பாக்க மாட்டாங்க. நம்ம பொதுக் கெணறு மாதிரி."

தரணிதரன் விளக்கம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாகச் சொல்லிக் கிளம்பினார். அவர் வந்த வழியில் பஸ்ஸே கிடையாது.

தீபாவளி போயிற்று, கார்த்திகை போயிற்று. மண்டிக்கு யார் வந்தாலும் காளியண்ணன் இதையே கேட்டார். "ரமேசு தம்பி சொல்றதும் சரிதானுங்க. தரணி தம்பி சொல்றதும் சரிதானுங்க. நீங்க என்ன சொல்றீங்க?" உப்பு வாங்க வந்தவர், மாட்டுக்கு மருந்து வாங்கப் போகிறவர், ஜனன மரணக் கணக்கு எடுக்க வந்த ஆபீசர் எல்லோரும் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பற்றி ஒரு அபிப்பிராயம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக் கேட்டு எனக்கே இரண்டும் மனப்பாடம். ஒருநாள் பொறுக்க முடியாமல், "எதையாவது ஒண்ணை ஏத்தித் தொலைங்களேன்" என்று கத்தினேன். "நீங்க சொல்றதும் சரிதானுங்க" என்றார்.

மார்கழி முடிகிற சமயத்தில் வழக்கம்போல அம்மனிடம் போனது வழக்கு. வெள்ளை வந்தால் விண்டோஸ், சிவப்பு வந்தால் லினக்ஸ். பொட்டணத்தைப் பெருமாயி கட்டிக்கொண்டு வந்தார். ரமேஷ்குமார் டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு பயபக்தியோடு நின்றார். தரணிதரன் விபூதி பூசிக்கொண்டு நின்றார். படித்தவர்கள் இப்படி நிற்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஊர்ச் சிறுமி ஒருத்தி ஓடி வந்து ஒரு பொட்டணத்தை எடுத்தாள். பூசாரி பிரித்தார். நந்தியாவட்டை. பளீரென்று வெள்ளை.

"அம்மனுக்கு இன்னும் நம்ம சரக்கு பழக்கமில்லை போலிருக்குதுங்க" என்று தரணிதரன் என்னிடம் சொல்லிவிட்டுப் பாதையில் இறங்கிப் போனார்.

தை முதல் சந்தை. மண்டி வாசலில் திருவிழாக் கூட்டம். டிவியில் ஒரு கிளிப் படம், ஒரு பூந்தொட்டி, நடுவில் மஞ்சள் எழுத்தில் 'இன்றைய மிளகு விலை' வலமிருந்து இடமாக ஓடியது. எதற்குக் கிளி என்று கேட்டதற்கு, "சும்மா ஒரு அழகுக்குங்க" என்றார் ரமேஷ்குமார். மக்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். கிளிக்கே பாதி மூட்டை வந்து இறங்கிவிட்டது. ரமேஷ்குமார் செம்மேட்டில் வகுப்பு இருக்கிறதென்று பெருமையாகப் பஸ் ஏறினார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் கிளி மறைந்தது. விலை மறைந்தது. கறுப்புத் திரையில் ஒரு குழாய் கிளம்பி வளைந்து வளைந்து ஓடியது. பிறகு பச்சைக் குழாய், சிவப்புக் குழாய். திரை முழுக்கக் குழாய்.

"குடிதண்ணித் திட்டமுங்களா?" என்று கேட்டார் அண்ணாமலை.

யாரும் தொடாமல் விட்டால் அப்படி ஒரு படம் தானாக வரும் என்பதும், எதையாவது ஒரு தட்டு தட்டினால் போய்விடும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு யாரும் தட்டவில்லை. எப்போது தண்ணீர் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் கரண்டு போயிற்று. அதோடு சந்தையும் கலைந்தது.

இரண்டாவது சந்தைக்கு ரமேஷ்குமார் குழாயை நிறுத்திவிட்டு, தானே காவலுக்கு உட்கார்ந்தார். கரண்டு போனால் தாங்க ஒரு பேட்டரிப் பெட்டியும் கொண்டுவந்திருந்தார். எங்கள் மலைக் கரண்டைப் பற்றி மலைப் பிள்ளைக்கே ஞாபகமில்லை. அது போனால் போனதுதான் என்று போகாது. போகும், வரும், பாதி வரும், மறுபடி போகும். மத்தியானத்துக்குள் பேட்டரி உயிரை விட்டது. ரமேஷ்குமார் சாப்பிடப் போன நேரம் பார்த்துக் கரண்டு திரும்பி வந்தது. திரை முழுக்க நீலம். நடுவில் இங்கிலீஷில் ஏதோ கட்டம் கட்டி எழுதியிருந்தது.

காளியண்ணன் ஓடி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் படித்தேன். ஒழுங்காக நிறுத்தாமல் கரண்டு போனதால் உள்ளே ஏதோ பிசகு இருக்கிறது, சரிசெய்யட்டுமா, வேண்டாமா, இன்னும் விவரம் சொல்லட்டுமா என்று அது கேட்டது. விண்டோஸைச் சொல்லிக் குற்றமில்லை. அது தன் முறைப்படி மரியாதையாகத்தான் கேட்டது. கேட்ட ஆள்தான் தப்பு.

"சரிபண்ணச் சொல்லி அமுக்குங்க" என்றேன்.

"சரிபண்றேன்னு வேற எதையாச்சும் கெடுத்துப்புட்டா?"

"அப்போ வேண்டாம்னு அமுக்குங்க."

"அப்போ பிசகு உள்ளயே இருக்குமுங்களே."

"விவரம் கேளுங்க."

"வெவரம் தெரிஞ்சா இன்னும் கொழப்பமா இருக்குமுங்க தபாலம்மா."

வாசலில் மூட்டையோடு நின்ற ஜனம் எல்லாம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. காளியண்ணன் நெற்றி வியர்வையைத் துடைத்தார். திரையைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "பூசாரி கோயில்ல இருக்காருங்களா பாருங்க" என்றார்.

முதலில் சிரித்தவர் லாரி வியாபாரி. பிறகு சந்தையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஆட்கள் மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். தோளில் வைத்த மூட்டை பலா மரத்தடிக்குப் போனது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ரமேஷ்குமார் கையைக் கூடக் கழுவாமல் ஓடி வந்தபோது வாசலில் அண்ணாமலை மட்டும் நின்றார். "இன்னும் ஒரு சந்தைதான் காளியண்ணா" என்றார். அன்றைக்கு அவர் தொண்டை ஏறவில்லை.

அந்த வாரத்திலேயே தேன் வாங்க வந்த தரணிதரன் நடந்ததைக் கேட்டுக்கொண்டார். எகத்தாளம் எதுவும் செய்யவில்லை, நல்ல பிள்ளை. "கரண்டு வந்ததும் ஒரு கேள்வியும் கேக்காம நேரா வெலைக்கு வர்ற மாதிரி நான் பண்ணித் தாரேனுங்க. நீங்க வெலை நம்பரை அடிச்சு ஒரு தட்டுத் தட்டுனாப் போதும். ஒரு நாள் வேலை."

காளியண்ணனுக்கு ஆசை கண்ணில் தெரிந்தது. ஆனாலும் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். "வெள்ளை வந்ததுக்கு அப்புறம் மாத்தக் கூடாதுங்க தம்பி. மண்டி போனாப் போவுது. அம்மன் வாக்கை அழிச்சுட்டு வேற ஏத்துனா கொடியெல்லாம் வாடிப்போயிரும்."

வாசலில் பாய் விரித்து மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த பெருமாயி, குனிந்த தலை நிமிராமல் சொன்னார்.

"ஏனுங்க, அது அம்மன் வாக்கு இல்லீங்க. ரெண்டு பொட்டணத்துலயும் வெள்ளைதான் இருந்துச்சு."

எனக்கு முத்திரை கையிலேயே நின்றுவிட்டது. தரணிதரன் தேன் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என்ன புள்ள சொல்ற?"

"பின்ன என்னங்க? தீவாளியில இருந்து அதே பேச்சு. சோறு போட்டா அதே பேச்சு, பாயி விரிச்சா அதே பேச்சு. ஏதாச்சும் ஒண்ணு வந்தாச் சரின்னு இருந்துச்சு. செவ்வரளி பறிக்கோணும்னா மேட்டுக் காட்டுக்குப் போவோணும். ஊட்டுக் கொல்லையில நந்தியாவட்டைதான் பூத்திருந்துச்சு. ரெண்டுலயும் அதையே வெச்சுக் கட்டிட்டேன்."

காளியண்ணன் கத்துவார் என்று நினைத்தேன். கத்துவதற்கும் அவருக்கு நேரம் வேண்டும். அவர் மூட்டை மேல் உட்கார்ந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை என்று பெருமாயி என்னிடம் வந்து அழுதார். "சாமி காரியத்துல சோம்பேறித்தனம் பண்ணிப்புட்டேனே தபாலம்மா. திரும்ப ஒருக்கா நல்லபடியாக் கேக்கலாம், நானே போயி செவப்புப் பறிச்சுட்டு வாரேன்னாலும் வாயத் தொறக்க மாட்டேங்கறாரு." அவ்வளவு பெரிய மனுஷி அழுது நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் ஆபீஸ் திறந்ததும் காளியண்ணன் என் ஜன்னலுக்கு வந்தார். கம்பியைப் பிடிக்கவில்லை.

"தரணி தம்பிக்கு ஒரு போன் போடுங்க தபாலம்மா. வந்து மாத்திக் குடுக்கச் சொல்லுங்க."

"பூக்கேட்டீங்களா?"

"இல்லீங்க. அம்மனுக்கு இதைவிட வேலை இருக்குமுங்க."

அவரைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்க எண்ணைத் தப்பாகச் சுழற்றிவிட்டு மறுபடி சுழற்றினேன்.

மூன்றாவது சந்தை. வாசல் டிவியில் கிளியும் இல்லை, பூந்தொட்டியும் இல்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, பெரிய எண். தரணிதரன் சொன்னது போலவே பார்க்க அழகாக இல்லை. சாவு வீட்டு அறிவிப்பு போல இருக்கிறதென்று நான் சொன்னேன். ரமேஷ்குமார் கோபித்துக்கொள்ளாமல் வந்து ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டு வழக்கம்போல ஒளிந்து விளையாடியது. போய்த் திரும்பும்போதெல்லாம் திரையில் இங்கிலீஷ் வரிகள் சரசரவென்று ஓடும், பிறகு விலை வந்து நிற்கும். யாரையும் எதுவும் கேட்காது. அண்ணாமலை முதல் மூட்டையை இறக்கினார். அதைப் பார்த்துப் பெரக்கரை நாட்டு ஆட்களும் சிலர் இறக்கினார்கள். பாதிப் பேர் மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு, என்ன ஆகிறதென்று இரண்டு பக்கமும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

மத்தியானம் என் ஆபீஸ் போன் அடித்தது. ராசிபுரத்திலிருந்து சுகுணா. மிளகு விலை தீர்மானமாகிற கொச்சிச் சந்தையில் ஏறிவிட்டது, நல்ல ஏற்றம், அப்பாவிடம் உடனே சொல்லுங்கள் என்றாள். நான் சுவரைச் சுற்றிக்கொண்டு போய்க் காளியண்ணனின் காதில் சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. இப்போது இந்தச் சந்தையில் இது தெரிந்தவர்கள் இரண்டே பேர். சாயங்காலம் வரை அந்த எண்ணை அப்படியே விட்டுவிட்டால் மிச்ச மூட்டை முழுக்கப் பழைய விலைக்கு வாங்கிவிடலாம். பொய் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதில் அவரை மிஞ்ச எங்கள் மலையில் ஆள் கிடையாது.

அவர் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டார். திரையைப் பார்த்தார். கோயில் இருக்கும் பக்கம் பார்த்தார். பெருமாயி பக்கத்தில் வந்து, "ஏனுங்க, ஓடிப்போயி ரெண்டு வகைப் பூவும் பறிச்சுட்டு வந்துரட்டுங்களா? இந்தத் தடவை நெசமாலுமே" என்று மெதுவாகக் கேட்டார்.

காளியண்ணன் ஒற்றை விரலால் ஒரு எண்ணை அடித்தார். தேடிப் பிடித்து இன்னொன்றை அடித்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினார்.

வாசல் டிவியில் புது விலை ஏறியது. பிறகு கட்டி வைத்த மூட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து வந்தன. கூட்டத்தைப் பிளந்துகொண்டு அண்ணாமலையின் தொண்டை வந்தது.

"காளியண்ணா! காத்தால போட்ட எம் மூட்டைக்கு என்ன வெலை?"

ஐயோ, இன்னொரு முடிவு என்று நான் நெஞ்சில் கை வைத்தேன். காளியண்ணன் எழுந்து நின்றார்.

"காத்தால அளந்ததுக்குக் காத்தால வெலைங்க."

அண்ணாமலை அவரை மேலும் கீழும் பார்த்தார். மீசை துடித்தது. கெட்டது போ, சண்டைதான் என்று நினைத்தேன். அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"எனக்கு நட்டம்தானுங்க, இல்லீன்னு சொல்லலே. ஆனா வெலை ஏறுன நேரத்துக்கே ஏறுச்சுன்னு சொன்ன யாவாரியை நான் இன்னைக்குத்தான் பாக்கறேன். அடுத்த சந்தைக்கும் எம் மொளகு இங்கதான். குண்டூர் நாட்டுக்காரங்க எவனாச்சும் லாரிப் பக்கம் போனா எங்கிட்டச் சொல்லிட்டுப் போங்க."

பலா மரத்தடியில் இருந்த லாரி பொழுது சாய்வதற்கு முன்பே இறங்கிப் போய்விட்டது. ரமேஷ்குமார் தரணிதரனிடம் லினக்ஸ் டிஸ்க் தனக்கும் ஒன்று கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் நான் பையைக் கட்டிவிட்டு ஆபீஸைப் பூட்டும்போது சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் குரல் கேட்டது. ஒட்டுக் கேட்கவில்லை. அந்தச் சுவர் அப்படி.

"பெருமாயி."

"என்னங்க?"

"நம்ம கல்யாணத்துக்கு உங்க ஊருக் கோயில்லதான் பூக்கேட்டாங்க. அந்தப் பொட்டணத்தை யாரு கட்டுனது?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பூ விஷயம் வெளியான அன்றைக்கு மனுஷன் சாப்பிடாமல் மூட்டை மேல் உட்கார்ந்து யோசித்தது கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் இல்லை.

"எங்கம்மாதான்."

"உங்கம்மா… ரெண்டுலயும்…"

"எங்கம்மாளும் என்னையாட்டத்தானுங்க. மேட்டுக் காட்டுக்கெல்லாம் ஏற மாட்டா." பெருமாயியின் குரலில் சிரிப்பு இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது. "இப்போ என்னங்க, அழிச்சுட்டு வேற ஏத்தப் போறீங்…"

"வேண்டாம்" என்றார் காளியண்ணன்.

எத்தனையோ வருடம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். கேள்வி முடிவதற்கு முன்னால் அவர் பதில் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.